‘பெற்றுத் தள்ளினார்கள்’ என்னும் பழி

பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்த யாரையாவது நிறுத்தி, மக்கள்தொகைப் பெருக்கத்துக்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்: கல்வியறிவின்மை, வறுமை, இளவயதுத் திருமணம், ஆண்பிள்ளை ஆசை, மூடநம்பிக்கை. சில நோட்ஸ்களில் ‘பொழுதுபோக்கு வசதியின்மை’ என்றும் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். ஐந்து மதிப்பெண் வாங்கித்தந்த அந்த விடை பரீட்சையோடு போய்விடுவதில்லை. முப்பது வருடம் கழித்து ரயிலில் உட்கார இடம் கிடைக்காதபோது அதே ஆளின் வாயிலிருந்து வேறு உருவில் வரும்: “பெத்துத் தள்ளிட்டாங்க சார், வேறென்ன!” மேடைப் பேச்சாளர் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார். பொருள் ஒன்றுதான். ஏழைகளும் எழுத்தறியாதவர்களும் கணக்கில்லாமல் பெற்றதால் பூமி நிரம்பிவிட்டது. அவர்களை அன்றே அடக்கியிருந்தால் இன்று நமக்கு ரயிலில் இடம் இருந்திருக்கும்.

ஒரு காரணம் மெய்யாகவே காரணம்தானா என்று சோதிக்க எளிய வழி உண்டு. அது முழு வீச்சில் இருந்த காலத்தில் விளைவும் இருந்ததா என்று பார்த்தால் போதும். இன்றைய இந்திய எல்லைக்குள் 1891-ல் வாழ்ந்தவர்கள் சுமார் 23.6 கோடி. 1901-ல் 23.8 கோடி. 1911-ல் 25.2 கோடி. 1921-ல் 25.1 கோடி, பத்தாண்டுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. முப்பது வருடத்தில் கூடியது ஒன்றரைக் கோடி. அந்த முப்பது வருடம் எப்படிப்பட்டது? 1911-ல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். பூப்பெய்தும் முன்பே பெண்ணுக்குத் தாலி ஏறிய காலம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்ததே 1929-ல். கருத்தடை என்ற பேச்சு ஊருக்குள் கிடையாது. வறுமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொழுதுபோக்கு என்றால் வருடத்துக்கு ஒரு கூத்து. பாடப்புத்தகம் சொல்லும் காரணங்கள் ஒன்றுவிடாமல் ஆஜராகியிருந்தன. பெருக்கம் மட்டும் இல்லை.

பிள்ளை பெறாமல் இருந்தார்களா? 1911-க்கும் 1921-க்கும் இடையில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 48 குழந்தைகள் பிறந்தன. இன்றைய வீதத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதே ஆயிரத்தில் சுமார் 47 பேர் ஆண்டுதோறும் செத்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் அவ்வளவுதான்.

நம் கிழவிகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். “பெத்தது பத்து, தங்கினது மூணு” என்பார்கள். வரிசையாகப் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவு மட்டமான சரக்கை எமன் எடுக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் எவ்வளவு மலிந்திருந்தன என்பதே ஒரு கணக்கெடுப்பு. ‘மூடநம்பிக்கையால் அதிகம் பெற்றார்கள்’ என்று எழுதுகிறவர் அந்தப் பெயர்களின் எதிரில் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டு பிள்ளை கடைசிவரை நிலைக்க வேண்டுமானால் ஐந்தாறு பெற்றாக வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட கணக்கு. அதை மூடத்தனம் என்பது சோறு நிச்சயமானவர்களின் பேச்சு.

இது நம் நாட்டின் தனிக்கதையும் இல்லை. உழவு தொடங்கியதிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரை உலகெங்கும் பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதி, பெரியவர்களாகும் முன்பே இறந்தன. அதனால்தான் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதக் கூட்டம் நத்தை வேகத்தில் ஊர்ந்தது. நூறு கோடியை எட்டியது 1800-ஐ ஒட்டி. அடுத்த நூறு கோடிக்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 1960-ல் 300, 1974-ல் 400, 1987-ல் 500, 1999-ல் 600, 2011-ல் 700, 2022 நவம்பரில் 800 கோடி. இந்த வரிசையை வரைபடத்தில் போட்டால் செங்குத்தாக ஏறும் ஒரு கோடு கிடைக்கும். அதைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம். கண்மாயில் நீர் ஏறினால் கிராமத்து ஆள் முதலில் கேட்பது, வரத்து கூடியதா, மடை அடைபட்டதா என்பதுதான். மக்கள்தொகைப் பேச்சில் மட்டும் மடையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு விலக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறப்பும் கூடத்தான் செய்தது. கூலிவேலை பெருகியதால் இளைஞர்கள் நிலத்துக்காகக் காத்திராமல் முன்கூட்டியே மணம் செய்துகொண்டார்கள். பாதிரிமார்களின் பதிவேடுகளை வைத்து ரிக்லி, ஸ்கோஃபீல்டு என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ஆக, பிறப்பு கூடியதால் மக்கள்தொகை பெருகியதற்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் இங்கிலாந்தைத்தான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தும் வேல்ஸும் 1801-ல் சுமார் 90 லட்சம், 1901-ல் 3.25 கோடி. ஐரோப்பா அந்த நூற்றாண்டில் தன் மிகுதியைக் கோடிக்கணக்கில் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றியது. அதை யாரும் ‘பெற்றுத் தள்ளினார்கள்’ என்று எழுதுவதில்லை. குடியேற்றம், முன்னேற்றம் என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

1921-க்குப் பிறகு இந்தியாவில் என்ன நடந்தது? படிக்காதவர்கள் திடீரென்று ஆசை மிகுந்து பெறத் தொடங்கவில்லை. 1918 இன்ஃபுளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. அதுபோன்ற இன்னொரு அலை வரவில்லை. 1896 முதல் பம்பாயிலிருந்து பரவிய பிளேக் அடங்கியது. பத்தாண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த பெரும்பஞ்சம், 1943 வங்காளத்தைத் தவிர, நின்றது. அம்மை குத்துவது ஊர் ஊராகப் பரவி, 1975-ல் பெரியம்மை இந்தியாவைவிட்டே போனது. 1951-61 காலத்தில் பிறப்பு ஆயிரத்துக்குச் சுமார் 42. முன்பைவிடச் சற்றுக் குறைவே. இறப்போ 23-க்கு வந்துவிட்டது. 1971-ல் 15. இடைவெளி விரிந்தது இறப்புப் பக்கத்திலிருந்து.

இலங்கையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1934-35 மலேரியாவில் அங்கே சுமார் 80,000 பேர் மாண்டார்கள். உலகப்போர் முடிந்ததும் வீடு வீடாக டி.டி.டி. தெளித்தார்கள். 1946-ல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு, மறு ஆண்டே 14 ஆனது. டி.டி.டி. ஒன்றே காரணமா, இலவச மருத்துவமனைகளுக்கும் அரிசிப் பங்கீட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். பிறப்பு வீதம் அதனால் எகிறவில்லை என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்தப் பத்தாண்டுகளில் இலங்கையின் மக்கள்தொகை வேகமாக ஏறியது. ஏறியவர்கள் யார்? காய்ச்சலில் போயிருக்க வேண்டியவர்கள்.

1971-ல் வங்கதேச அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது பன்காவ் முகாமில் காலரா வெடித்தது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் கரைத்து உறவினர்கள் கையாலேயே குடிக்கவைத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று வாங்குகிறோமே, அதுதான். உலக மக்கள்தொகை பெருகியதன் காரணங்களைப் பாடப்புத்தகம் நேர்மையாக எழுதினால், முதல் வரியில் அந்தப் பொட்டலம் இருக்க வேண்டும். அடுத்ததாகச் சோப்பு, சாக்கடை, அம்மைத் தடுப்பூசி. அப்புறம் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் ஹேபர்-போஷ் முறை. இந்த ஒன்று இல்லாவிட்டால் இன்றைய உலகில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சோறு விளையாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை ஒரு வீட்டுக்கு வருவதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. மாமியாருக்குத் தங்காத பிள்ளைகள் மருமகளுக்குத் தங்குகின்றன. அவள் பெற்ற ஆறும் பிழைத்துவிடுகின்றன. அவளுடைய மகள் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறாள். இடையில் ஒரு தலைமுறை திமுதிமுவென்று பெருத்துவிடுகிறது. ‘மக்கள்தொகை வெடிப்பு’ என்று பெயர் வாங்கியது இந்த இடைவெளிதான். இங்கிலாந்து இதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மெதுவாகக் கடந்தது. ஆசியா ஐம்பது வருடத்தில் கடந்தது. 1950-ல் உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள், இப்போது இரண்டேகால். ஆண்டு வளர்ச்சி 1960களில் நூற்றுக்கு இரண்டைத் தாண்டியிருந்தது. இன்று ஒன்றுக்கும் கீழே. ஓர் ஆண்டில் உலகில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2012-ஐ ஒட்டி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. இனி கூடப்போகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பிறந்து, நீண்ட நாள் வாழப்போகிறவர்கள்.

‘அதிகம் பெறுகிறார்கள்’ என்ற பேச்சு தவறான விடையாக மட்டும் நின்றிருந்தால் இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை. அது ஆட்சியாளர்களுக்கு வசதியான விடையாக இருந்தது. 1798-ல் மால்தஸ் தன் கட்டுரையை வெளியிட்டார்: உணவு மெதுவாகக் கூடும், மக்கள் வேகமாகக் கூடுவார்கள், மிஞ்சியவர்களைப் பஞ்சமும் நோயும் கழித்துக்கட்டும். 1805-ல் அவருக்கு வேலை கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. இந்தியாவுக்கு அனுப்பப்படும் இளம் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில் சாகும்வரை பேராசிரியராக இருந்தார். அந்தக் கருத்து எழுபது வருடம் கழித்து நம் வாசலில் வந்து நின்றது.

தாது வருஷப் பஞ்சம், 1876-78. அதற்கு மூன்று வருடம் முன்பு பீகாரில் பஞ்சம் வந்தபோது ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி இறக்கிக் கிட்டத்தட்ட யாரையும் சாகவிடாமல் காப்பாற்றினார். பாராட்டுக்குப் பதில் வீண்செலவு செய்தார் என்ற ஏச்சு கிடைத்தது. பாடம் கற்றுக்கொண்ட அதே டெம்பிளை வைஸ்ராய் லிட்டன் 1877-ல் சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் கல்லுடைக்கும், மண்சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், சுமார் 450 கிராம், கூடவே சொற்பக் காசு என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர் தரிக்கப் போதாது என்று எழுத்தில் எதிர்த்தார். ஏற்றுமதிக் கப்பல்கள் தானியத்தோடு போய்க்கொண்டிருந்தன. சந்தையில் கைவைக்கக் கூடாது என்பது அரசின் கொள்கை. இந்தியர்கள் நிலம் தாங்குவதைவிட வேகமாகப் பெருகுகிறார்கள் என்பது லிட்டனின் வாதம். சென்னை, பம்பாய், மைசூர்ப் பகுதிகளில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். சென்னை மாகாணத்தில் 1871-ல் எண்ணிய தலைகளைவிட 1881-ல் எண்ணியவை குறைவு.

வங்காளத்திலும் இதே கதைதான். சுமார் முப்பது லட்சம் பேர் செத்த 1943-ல், பஞ்சமே இல்லாத 1941-ஐவிட அரிசி குறைவாக இருக்கவில்லை என்று அமர்த்தியா சென் கணக்கோடு காட்டினார். அரிசி இருந்தது; வாங்கக் காசில்லாதவர்கள் செத்தார்கள்.

மால்தஸின் அமெரிக்கப் பேரன் பால் எர்லிச். 1968-ல் வந்த அவருடைய ‘மக்கள்தொகை வெடிகுண்டு’ டெல்லியில் ஓர் இரவு டாக்ஸியில் போன அனுபவத்தோடு தொடங்குகிறது. எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார். சாகவில்லை. 1950-51-ல் சுமார் 5 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் 2023-24-ல் 33 கோடி டன். அதே காலத்தில் மக்கள்தொகை நான்கு மடங்கு ஆனது, விளைச்சல் ஆறரை மடங்கு. அவரைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, அவர் வார்த்தையை நம்பியவர்கள் செய்ததைத் தவிர.

1974-ல் புகாரெஸ்ட் உலக மக்கள்தொகை மாநாட்டில் இந்தியாவின் சுகாதார அமைச்சர் கரண் சிங், வளர்ச்சிதான் சிறந்த கருத்தடை என்று முழங்கினார். இரண்டே வருடத்தில், நெருக்கடி நிலையின்போது, அதே அமைச்சர் வெளியிட்ட கொள்கை மாநிலங்களுக்குக் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவர இடம் கொடுத்தது. 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், பெரும்பாலும் ஆண்களுக்கு. ஆசிரியருக்கு இத்தனை பேர், தாசில்தாருக்கு இத்தனை பேர் என்று இலக்கு. சம்பளம், ரேஷன், வீட்டுமனை எல்லாம் அந்தச் சான்றிதழில் தொங்கின. விளைவு? 1977 தேர்தலில் வட இந்தியா காங்கிரசைத் துடைத்தெறிந்தது. ஆண்கள் கருத்தடை அறுவை அறையின் வாசலையே மறந்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆண் கருத்தடை நூற்றுக்கு 0.3, பெண்களுக்கானது 38-ஐ ஒட்டி. பாரம் முழுதும் பெண் வயிற்றின் மேல் மாறியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 13 பேர் இறந்தார்கள்.

“சீனா கட்டாயப்படுத்தித்தானே சாதித்தது?” என்பது அடுத்த கேள்வி. அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1970-ல் ஏறக்குறைய ஆறு. 1979-ல் மூன்றுக்கும் கீழே. ஒற்றைக் குழந்தைக் கொள்கை அதற்குப் பிறகு வந்தது. பெரிய சரிவு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. எழுபதுகளின் பிரசாரத்திலும் வற்புறுத்தல் இல்லாமல் இல்லை. ஆனால் வங்கதேசம் ஏழிலிருந்து இரண்டேகாலுக்கு வந்தது, பெண் பணியாளர்கள் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்ததால். ஈரான் ஆறுக்கு மேலிருந்து இருபதே வருடத்தில் இரண்டுக்கு வந்தது, கிராமச் சுகாதார நிலையங்களாலும் பெண்கல்வியாலும். அதுவும் முல்லாக்களின் ஆட்சியில். தமிழ்நாடு 1993 வாக்கில் 2.1-ஐத் தொட்டது, இங்கே ஆரம்ப சுகாதார நிலையமும் சத்துணவும் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியும் கருத்தடை வசதியும் ஒரே காலத்தில் ஊருக்குள் வந்து சேர்ந்தன. முகாமும் இலக்கும் ஊக்கத்தொகையும் இங்கேயும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதே இலக்கு பீகாருக்கும் இருந்தது. அங்கே இப்போதும் மூன்றை ஒட்டி. மதத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்கும் இதுவே பதில்: தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பத்தைவிடப் பீகார் இந்துக் குடும்பத்தில் பிள்ளைகள் அதிகம்.

கட்டாயமல்ல, பெண்ணின் விருப்பமே வழி என்பதைப் பெரியார் 1930களிலேயே வேறு பாதையில் பிடித்துவிட்டார். கர்ப்பத்தடையை ஆதரித்த மற்றவர்கள் பெண்ணின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று காரணம் சொல்ல, அவர் அவற்றைத் தள்ளிவைத்துப் பெண்ணின் விடுதலைக்காக மட்டுமே அது வேண்டும் என்றார். நாட்டின் கணக்குக்காகக் கருப்பையைத் திறப்பதும் மூடுவதும் அவருக்கு ஒரே அடிமைத்தனத்தின் இரு பக்கம்.

எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. சென்னையின் நிலத்தடி நீருக்கும் டாக்காவின் சாலைக்கும் தலைகளின் கணக்கு உறைக்கும். ஆனால் பூமி சூடாவதற்குப் பிள்ளைபெறும் ஏழையைக் காட்டுவது அப்பட்டமான பொய். ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகள் பிறக்கும் நைஜரில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்குக் கரியமில வாயு சுமார் 0.1 டன். இரண்டுகூடப் பெறாத அமெரிக்காவில் சுமார் 14 டன்.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று முப்பது ஆண்டுகள் சட்டம் வைத்திருந்த ஆந்திரம் 2024-ல் அதை நீக்கியது. முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெறச் சொல்கிறார். தொகுதி மறுவரையறையில் இடம் குறையுமே என்ற கவலையில் 2025-ல் முதல்வர் மு.க. ஸ்டாலினும் புதுமணத் தம்பதிகளிடம் தாமதிக்காதீர்கள் என்றார். தொகுதிக் கவலை நியாயமானது. பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் தண்டனை என்றால் யாருக்கும் எரியும். 1976-ல் தொகுதி எண்ணிக்கையை உறையவைத்ததே அதற்காகத்தான். ஆனால் அந்தச் சண்டையை நடத்த வேண்டிய இடம் டெல்லி. மணமேடையில் நிற்கும் பெண்ணிடம் அதை ஒப்படைப்பது, குறைத்துக்கொள் என்று அவளுடைய பாட்டிக்குச் சொன்ன அதே அதிகாரக் குரல்.

அறிவுரை ஆணையானால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா இருக்கிறது. உழைக்கும் கைகள் போதவில்லை என்று 1966-ல் அதன் ஆட்சியாளர் சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடைசெய்து 770-ஆம் ஆணையைப் பிறப்பித்தார். கருத்தடைச் சாதனங்கள் கடைகளிலிருந்து காணாமல் போயின. பிள்ளைப்பேறு ஒரே ஆண்டில் 1.9-லிருந்து 3.7-க்குத் தாவியது. பெண்கள் கள்ளவழிகளைக் கண்டுபிடித்ததும் அடுத்த ஆண்டிலிருந்து இறங்கத் தொடங்கி, எண்பதுகளில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மிஞ்சியவை அநாதை இல்லங்களும், திருட்டுத்தனமான கருக்கலைப்பில் இறந்த ஆயிரக்கணக்கான பெண்களும், ஐரோப்பாவிலேயே மோசமான பேறுகால மரண வீதமும். 1989 டிசம்பர் 25 அன்று சௌசெஸ்குவைச் சுட்டார்கள். மறுநாளே புதிய அரசு 770-ஆம் ஆணையை ரத்து செய்தது.